காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

திருகோணமலையில் காலை ஆறு மணிக்கு ஒரு பெண் கழுத்தில் தொலைநோக்கியும் கையில் கொப்பியுமாகச் சந்தியொன்றில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், ஊருக்கு அவளைப் பற்றி மூன்று விதமான சந்தேகம் வரும். காணி அளக்க வந்தவளாக இருக்கலாம், வீதி அகலிப்புக்குக் கணக்கெடுக்க வந்தவளாக இருக்கலாம், அல்லது யாரோ அனுப்பிய ஆளாக இருக்கலாம். துறைமுக நகரமாகையால் மூன்றாவது சந்தேகந்தான் அதிகம் சங்கடம் தரும். ஒருநாள் காவலரண் ஒன்றில் என் தொலைநோக்கியை வாங்கி இரு பக்கத்தாலும் பார்த்தவர், "என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டார். "காகம்" என்றேன். அவர் மின்கம்பியில் இருந்த காகத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அதுக்கு இது எதுக்கு, தங்கச்சி?" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. காகம் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. நகரத்துப் பறவைகளை ஆராயப் போகிறேன் என்று முதுதத்துவமாணிக்குப் பதிவுசெய்த நாளிலிருந்து அதே கேள்வியை உறவினரும் நண்பரும் சில விரிவுரையாளர்களும் வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் நான் சொன்ன பதில்கள் முழுமையாக இல்லை என்பது எனக்கே தெரியும். அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விலங்கியல் படித்த காலத்தில் பறவை ஆய்வு என்றாலே ஈரவலயக் காடுதான் என்ற எண்ணம் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இருந்தது. இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட பறவை இனங்களிற் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. சிங்கராஜக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரியும் கலப்புக் கூட்டங்களை 1981ஆம் ஆண்டு முதல் பின்தொடர்ந்து வருகிறார்கள். 2001இல் நேரிற் காணப்பட்டு 2004இல் அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தையின் படம் எங்கள் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபடி படித்த ஒருத்தி பிறகு திருகோணமலை மீன்சந்தையின் பின்புறத்தில் நின்று காகம் எண்ணுவாள் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

காட்டை விட்டு ஊருக்கு வந்ததற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை. அம்மாவின் உடல்நிலை காரணமாக நான் வீட்டோடு இருக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஆய்வுக்களம் எது என்று யோசித்தபோது மிஞ்சியது நகரமும் அதன் கடற்கரையுந்தான். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஓரிடத்திலிருந்து, அழிவின் விளிம்பில் இல்லாத இனங்களுக்கு நிதி ஒதுக்க இயலாது என்று இரண்டு வரியிற் பதில் வந்தது. அந்தப் பதிலின் தர்க்கம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிரித்தானியாவில் யாருமே கவனிக்காத அளவுக்கு மலிந்திருந்த சிட்டுக்குருவி, எண்ணிக்கை சரிந்து சரிந்து, 2002இல் அந்நாட்டுப் பறவைப் பாதுகாப்பின் சிவப்புப் பட்டியலுக்குள் போயிற்று. அந்தச் சரிவைக் காட்ட முடிந்ததற்குக் காரணம், அது மலிந்திருந்த காலத்திலேயே அதை எண்ணி எழுதிவைத்த ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான்.

நகரத்துப் பறவைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் சூழலியலாளர் ராபர்ட் பிளேர் 1996இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னர் பரவலாயிற்று. நகரத்தைக் கண்டு ஒதுங்குபவை, அதனோடு ஒத்துப்போபவை, அதனால் ஆதாயம் அடைபவை என்று அந்தப் பிரிவுகளைத் தமிழிற் சொல்லலாம். காட்டிலிருந்து நகர மையத்துக்கு வரவர இனங்களின் தொகை இடைப்பட்ட பகுதியில், அதாவது தோட்டமும் வீடும் கலந்த இடங்களில், உச்சத்துக்குப் போய்ப் பின்னர் சரிவதையும், மையத்தில் மிகச் சில இனங்களே பெருந்தொகையாக வாழ்வதையும் அவர் கண்டார். 2014இல் உலகின் 54 நகரங்களின் பறவைப் பட்டியல்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, மாடப்புறா, சிட்டுக்குருவி, ஐரோப்பிய ஸ்டார்லிங், தகைவிலான் ஆகிய நான்கும் 80 சதவீதத்துக்கும் அதிகமான நகரங்களில் இருப்பதாகக் காட்டியது. இவற்றுள் முதலிரண்டும் திருகோணமலையிற் குடியிருப்பவை, தகைவிலான் மாரியோடு வந்து போவது, ஸ்டார்லிங் இங்கே கிடையாது. ஆயினும் அதே ஆய்வு, நகரங்களில் வாழும் பறவைகளிற் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவையல்ல, அந்தந்த நிலத்தில் இயல்பாக வாழ்பவை என்றும் சொல்கிறது. எங்கள் ஊர் மதிற்சுவரிற் சண்டை பிடிக்கும் புலுனியும், மாலையில் வேலியோரம் உறுமும் செண்பகமும் அந்த வகையைச் சேர்ந்தவை.

என் முறை எளிமையானது. நகர மையத்திலிருந்து அநுராதபுரச் சந்தி, உப்புவெளி வழியாக நிலாவெளி வரை, சுமார் பதினைந்து கிலோமீற்றர் தூரத்துக்குப் புள்ளிகளைக் குறித்துக்கொள்வது. ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் நிற்பது. 50 மீற்றர் ஆரத்துக்குள் கண்ணிற் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுவது. மேலாகப் பறந்து போனவற்றைத் தனி நிரலில் இடுவது. சொல்வதற்கு இவ்வளவே.

செய்வது வேறு. உப்புவெளியில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வர அரை மணி நேரம் இருக்கையிலேயே காகங்கள் தென்னைகளில் வந்து குந்திவிடும். இழுக்கிறவர்களின் குரல் மாறுவதை வைத்து அவை நேரம் பார்க்கின்றன என்றே நான் நம்புகிறேன், நிரூபிக்க என்னிடம் தரவு இல்லை. மடி மணலில் விழுந்ததும் முதலில் இறங்குவது காகமில்லை, சின்னக் கொக்கு. அது ஆட்களின் கால்களுக்கிடையே, வலையைச் சுருட்டுகிறவரின் முழங்காலில் உரசுகிற அளவுக்கு, ஒருவித அலுவலகத் தோரணையோடு நடந்து, கழித்து எறிகிற காரல் குஞ்சுகளைப் பொறுக்கும். செம்பருந்து மணலில் இறங்காது. அலை இழுத்துப்போகும் மீனைத் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்தே காலால் அள்ளி, பறந்துகொண்டே குனிந்து தின்னும். காகங்கள் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் எழுந்து இறங்க, எண்ணியதையே மறுபடி எண்ணாமலிருக்க வழி தேடி நான் ஐந்தைந்தாக விரல் மடிப்பேன். நான்காவது நிமிடத்தில் ஒருவர் வந்து, "பிள்ளை, ஆரிட்ட வேலை செய்யிறீங்க?" என்று கேட்பார். பதில் சொன்னால் எண்ணிக்கை போகும். சொல்லாவிட்டால் மரியாதை போகும். கடைசியில், வருகிறவருக்குக் கையைக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டப் பழகினேன். பத்து நிமிடம் முடிந்ததும் நானே அவர்களிடம் போய்ப் பேசுவேன். ஆய்வுக்குப் பயன்பட்ட பல தகவல்கள் அந்தப் பேச்சிற் கிடைத்தவை.

முதற் பருவத்தின் முடிவில் எனக்கு அதிசயமான முடிவொன்று கிடைத்தது. நகர மையத்தில் இனங்களின் தொகை அதிகம், நிலாவெளிப் பக்கம் போகப்போகக் குறைவு. பிளேரின் வளைகோட்டுக்கு நேர் எதிர். போர் முடிந்த நகரத்தின் தனித்தன்மை என்று ஒரு விளக்கத்தையும் உருவாக்கி, கருத்தரங்கொன்றுக்குச் சுருக்கம் எழுதி, இரவோடிரவாக மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து பாராட்டு வரவில்லை, ஒரே ஒரு கேள்வி வந்தது: எந்தப் புள்ளியில் எத்தனை மணிக்கு நின்றீர்?

கொப்பியைத் திறந்த கணத்திலேயே விளங்கிவிட்டது. வீடு நகரத்தில் என்பதால் நான் ஒவ்வொரு நாளும் நகரத்திற் தொடங்கியிருக்கிறேன். ஆறு மணிக்கு மையம், ஏழரைக்கு உப்புவெளி, ஒன்பதரைக்கு நிலாவெளி. வெயில் ஏறினால் பறவைகளின் குரல் அடங்கும். அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குமேல் கச்சான் காற்றும் எழும்பித் தென்னோலையைத் தவிர வேறெதையும் கேட்கவிடாது. நான் அளந்தது நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வேறுபாட்டை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அளந்தது காலைக்கும் முற்பகலுக்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிவிட்டதால் எந்தக் கணிதத்தாலும் பிரிக்க முடியாது. ஒரு பருவத்தின் உழைப்பு, தேய்ந்த சைக்கிள் ரயருடன் சேர்ந்து, வீணாயிற்று. யாரையும் நோக முடியாது. எந்தப் பாடநூலிலும் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கும் எச்சரிக்கை அது. படித்திருந்தேன், சோதனையில் எழுதியுமிருந்தேன்.

இரண்டாம் பருவத்தில் புள்ளிகளின் வரிசையைக் குலுக்கல் முறையில் மாற்றினேன். இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸில் நிலாவெளிக்குப் போகும் நாட்களும் அதனால் வந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று தடவை போனேன். மூன்று தடவை ஏன் என்பதை வீட்டில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல, ஆனாலும் என் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான விடயம் அதுதான். ஓரிடத்தில் ஒரு குருவி இருந்தும், நான் நிற்கிற பத்து நிமிடத்தில் அது என் கண்ணிலோ காதிலோ படுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்க் காணாவிட்டால் அது அங்கே இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மூன்று முறை போயும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. சில இடங்களில் முதல் நாள் கண்டு மறுநாள் காணாமல் போவதிலிருந்து அந்தத் தவறவிடும் அளவையே கணித்துக்கொள்ளலாம் என்பதை 2002இல் புள்ளியியலாளர் மெக்கன்சியும் சகாக்களும் காட்டினார்கள். அதன் பிறகு என் கொப்பியிற் பூச்சியம் என்ற எண்ணை எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கும். நகரத்தில் இரைச்சல் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த இடங்களிலுள்ள பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுருதிகளை விட்டு உயர்ந்த சுருதியிற் பாடுவதை 2003இல் கண்டறிந்தார்கள். பஸ் நிலையத்தருகே கொண்டைக்குருவி குரலை உயர்த்துகிறதோ இல்லையோ, எனக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இரைச்சலைவிட எதிர்பாராத ஒரு குழப்பம் புரட்டாதி மாதத்தில் வந்தது. இரண்டு கிழமைகளாக மீன்சந்தைப் புள்ளியில் சனிக்கிழமை மட்டும் காகம் பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மம்மா வாழையிலைத் துண்டில் எள்ளுச்சோறு வைத்துக்கொண்டு, "கா, கா" என்று கூப்பிட்டுக் களைத்துப்போய், "ஒன்றும் வருகுதில்லையே, பிள்ளை" என்று அலுத்துக்கொண்டிருந்தார். புரட்டாதிச் சனி. அயலில் எல்லா வளவிலும் சோறு வைத்தால் காகம் எத்தனை வீட்டுக்குத்தான் போகும்? சந்தையிலும் இல்லை, எங்கள் மதிலிலும் இல்லை. ஊர் முழுவதும் ஒவ்வொரு கூரைக்கும் இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தன. அந்த மாதத்துச் சனிக்கிழமைகளை நான் தனியாகக் குறியிட்டு வைத்தேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதற்கு ஒரு பந்தி இருக்கிறது. பரிசோதகர்கள் அதைப் படித்துச் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

காகம் என் ஆய்வுப்பொருள் என்பது கிண்ணியாவில் வேறொரு விதமாக வேடிக்கையாயிற்று. அங்கே காக்கா என்றால் மூத்த சகோதரர். முதியவர்களிடம் பழைய பறவைகளைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கத்தில், "காக்கா கூடிப்போச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். "எங்கட வீட்டில நாலு காக்கா, மகள், ரெண்டு பேர் வெளிநாட்டில" என்றார் அந்த உம்மா, சிரிக்காமலே. அந்தச் செவ்விகளில் நான் கற்றது, பெயரை வைத்துப் பறவையைத் தீர்மானிக்கக் கூடாது என்பது. தமிழ்நாட்டுக் கையேடுகள் செம்போத்து என்பது எங்களுக்குச் செண்பகம். அவற்றிலுள்ள தவிட்டுக்குருவி எங்களுக்குப் புலுனி. ஒருவர் கொண்டலாத்தி என்றால் கொண்டைக்குருவியா, மண்ணைக் கொத்தும் நீளச் சொண்டுக்காரனா என்று படம் காட்டிக் கேட்க வேண்டும். படம் காட்டியபோது, சிட்டுக்குருவியில் மட்டும் எல்லா விரல்களும் தயங்காமல் வந்து நின்றன. அம்மம்மா அதை அடைக்கலான் குருவி என்பார். வீட்டில் அடைக்கலம் புகுந்தது என்பதால் வந்த பெயர். விறாந்தை வளையில் அதற்கென்று மண்முட்டி கட்டித் தொங்கவிட்டிருந்த காலத்தை அவர் சொல்வார். குருவி முட்டிக்கு வராத வீட்டில் ஏதோ குறை என்று நினைப்பார்களாம்.

இப்போது சீற்றும் கொங்கிறீற்றுமான வீடுகளில் வளையும் இல்லை, ஓட்டு இடுக்கும் இல்லை. கைத்தொலைபேசிக் கோபுரங்கள்தான் குருவியை விரட்டின என்று செவ்விகொடுத்தவர்களில் அரைவாசிப் பேர் சொன்னார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. குருவி தானியம் தின்னும் பறவை என்றாலும் அதன் குஞ்சுக்கு முதல் நாட்களிற் புழுவும் பூச்சியுந்தான் வேண்டும் என்பது உறுதியாகத் தெரிந்தது. முற்றத்தை முழுக்கச் சீமெந்து பூசி, வேலியை மதிலாக்கி, மீதியிருக்கும் செடிக்கு மருந்தடித்தால் குஞ்சுக்கு எதை ஊட்டுவது? இதைச் சொன்னால் யாரும் ஆர்வத்தோடு கேட்பதில்லை. கோபுரம் பிறருடையது, முற்றம் நம்முடையது என்பது காரணமாக இருக்கலாம்.

பெருமரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். நகரத்துக்குள் பழைய ஆலும் வேம்பும் இன்று நிற்கும் இடங்களைப் படத்திற் குறித்தபோது, அவை பெரும்பாலும் கோயில் வளவுகளிலும் பாதுகாப்பு வேலிகளுக்கு உட்புறத்திலுமே இருந்தன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் படுத்திருக்கும் நிழல் அப்படிப்பட்டது. வேலிக்கு உள்ளே நான் புள்ளி வைக்க முடியாது. ஆகவே நகரத்தின் மிக நல்ல மரங்கள் என் கணக்கிற் பாதியளவும் சேரவில்லை. நகரத்தில் இவ்வளவு இனங்கள்தான் என்று நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த வேலி இருக்கிறது. என் ஆய்வேட்டில் இதை ஒரு குறைபாடாகக் குறிப்பிட்டேன். அதைச் சரிசெய்ய என்னால் முடியவில்லை.

நிலாவெளிக் கரைக்கு அப்பால் ஒரு கிலோமீற்றர் தூரத்திலிருக்கும் புறாத்தீவு என் ஆய்வெல்லைக்கு வெளியே இருந்தாலும், மனதுக்குள் அது எப்போதும் இருந்தது. பிரித்தானியர் காலத்திற் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட அந்தத் தீவு, 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே போகிறவர்கள் பவளப் பாறையும் சுறாவும் பார்க்கப் போகிறார்கள். பெயருக்குக் காரணமான புறாவை நிமிர்ந்து பார்க்கிறவர் அரிது. பாறை வெடிப்புகளில் கூடு கட்டும் அந்த மாடப்புறாக்கள், இலங்கையில் எஞ்சியிருக்கும் ஒருசில இயல்பான காட்டுக் கூட்டங்களில் ஒன்று. நகரத்து அரிசிக் கடை வாசலிற் சிந்தியதைப் பொறுக்கும் புறாவும் அதே இனந்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் பிடித்து வளர்த்து, பின்னர் தப்பிப் போனவற்றின் வழிவந்தது. அதற்குக் கட்டடத்தின் விளிம்பு ஒரு பாறைச் சுவர். ஒன்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, மற்றதைக் கடைக்காரர் தும்புத்தடியால் விரட்டுகிறார். இரண்டுக்கும் இடையே பறக்கத் தடையில்லை. நகரப் புறா தீவுக்குப் போய்க் கலந்தால் காட்டுப் புறாவின் தனித்தன்மை கரையும் என்பது உலகில் வேறு இடங்களில் நடந்திருக்கிற விடயம். அப்படியானால் தீவின் பாதுகாப்பு நகரத்தின் அரிசிக் கடையில் தொடங்க வேண்டியிருக்கிறது.

காகத்துக்கும் அதே கதை. காகம் கூடினால் சிறு பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குப்பை தின்னட்டும் என்று சான்சிபாருக்குக் கொண்டுபோகப்பட்ட நமது ஊர்க்காகம் கிழக்காபிரிக்கக் கரை முழுவதும் பரவி, 2024இல் கென்யா பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. கொல்வதால் மட்டும் அது குறையாது. குப்பையும் மீன்கழிவும் திறந்து கிடக்கும்வரை அடுத்த பருவத்தில் இடம் நிரம்பிவிடும். மூடியுள்ள தொட்டி ஒன்று, கழிவை நேரத்துக்கு அள்ளும் வண்டி ஒன்று என்று என் பரிந்துரை முடிந்தபோது, இது பறவையியலா நகரசபை வேலையா என்று ஒருவர் கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

கடைசியாக ஒரு புள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். சந்தைக்கு அடுத்த தெருவில் மூன்று தடவையும் சிட்டுக்குருவி பூச்சியம். எட்டில் ஒன்று என்ற அந்தக் கணக்கு உறுத்திக்கொண்டிருந்தது. ஆய்வேட்டைக் கையளித்த பிறகு ஒரு மாலையில், ஆய்வுக்காக இல்லாமல் சீனி வாங்க, அதே தெருவிலுள்ள பலசரக்குக் கடைக்குப் போனேன். முதலாளி ரோலர் கதவை இறக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, மேலே பார்த்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மெதுவாக இறக்கினார். கதவு சுருளும் தகரப் பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்தது. காலையில் அவர் கடை திறக்க எட்டு மணியாகும் என்றும், திறந்த பிறகுதான் தாய் வெளியே வரும் என்றும் சொன்னார். நான் அந்தத் தெருவில் நின்ற மூன்று தடவையும் எட்டு மணிக்கு முன்னர். அந்தப் பூச்சியத்தை இனி மாற்ற முடியாது.

"வாற மாசம் புதுக் கதவு போடுறம், பிள்ளை. இது துரு" என்றார் அவர். குஞ்சு பறக்கும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். இரண்டு கிழமைக்கு மேல் போகாது என்றேன். பாஸைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று, கல்லாவில் குனிந்து வேலைசெய்துகொண்டிருந்த தன் மனைவியைக் காட்டினார்.